பழைய ஜீப் வண்டியின் கார்புரேட்டர் கோளாறுகள்

ஆலத்தியூர் முதலிய அரியலூர் ஜில்லா கிராமங்களின் கரிசல் பாதைகளில் விதை, உரம், ஆட்கள் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதற்குப் பழைய பெட்ரோல் ஜீப் உகந்த வண்டியாகும். 1941-ல் அமெரிக்கப் படைக்கென வில்லிஸ் கம்பெனியார் செய்த இவ்வகை வண்டி, 1940-களின் கடைசியிலிருந்து பம்பாயில் மகிந்திரா கம்பெனியாரால் பூட்டி முடிக்கப்பட்டு, இந்நாட்டில் பரவிற்று. பருத்தி எடுக்கும் நாளில் அது கிளம்பாமல் நின்றுவிட்டால் ஒரு நாட் கூலி வீணாகும். அப்போது சொந்தக்காரர் திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே கார்புரேட்டருக்குச் செல்வது வழக்கம். அது தவறு. கார்புரேட்டர்மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி அதற்குரியதன்று.

முதலில் தீப்பொறி சரியாக வருகிறதா என்று பார்த்து, பிறகு பெட்ரோல் வந்து சேருகிறதா என்று அறிய வேண்டும். இதற்காகத் தீப்பொறிக் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் சேரும் குழாயையும் கழற்றி அதன் முனையை ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு, எஞ்சினைச் சுற்ற வேண்டும். பக்கத்தில் பீடி நெருப்பு முதலியன கூடா. பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிட்டு வந்தால் பம்பு நன்றாயிருக்கிறது. வராவிடில் டாங்க், குழாய், பம்பின் ரப்பர் ஜவ்வு இவற்றில் ஒன்றே குற்றவாளி. சித்திரை வைகாசி வெயிலில் சூடேறிய குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சிறிது நேரம் பொறுத்தால் அது தெளியும்.

புட்டியைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தால் அடியில் நீர் தங்கியிருப்பது தெரியும். இக்காலத்தில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் அதனோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். பழைய ரப்பர், கார்க்கு முதலியவற்றையும் அது கெடுக்கும். ஆகையால் இதைத் தாங்கத்தக்க புதிய ஜவ்வைப் போடுவதும், மாதக்கணக்கில் வண்டி நிற்குமானால் பெட்ரோலை வடித்துவிடுவதும் அவசியம். மேலும் எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதுமாகையால், தனிப் பெட்ரோலுக்கு அமைந்த ஜெட்டில் கலவை சற்று இளகி, எஞ்சின் தயங்கி ஓடக்கூடும்.

இவையாவும் சரியாயிருந்தும் குறை நீங்காவிடில் கார்புரேட்டரைத் திறக்கலாம். கறுப்புப் புகையும் பெட்ரோல் வாசனையும் ஒழுக்கும் இருந்தால் மிதவையையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால், ஓட்டையுள்ளதாயின் உள்ளே பெட்ரோல் குலுங்கும். இவ்வொழுக்கு சிறிதன்று: சூடான குழாயின்மேல் சொட்டினால் தீப்பிடிக்கும், சிலிண்டருக்குள் வழிந்தால் எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை விளைவிக்கும். மிதவையை ஈயம் வைத்துப் பற்றவைக்குமுன் அதிலுள்ள பெட்ரோல் முழுவதும் வெளியேற வேண்டும். இல்லையேல் வெடிக்கும்.

வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடாமல் அணைந்தால், சிறு ஜெட் அடைபட்டிருக்கலாம். அல்லது மானிபோல்டு காஸ்கெட் வழியே காற்று நுழையலாம். இணைப்பில் சிறிது எஞ்சின் எண்ணெயைத் தடவிப் பார்த்து, ஓட்டம் மாறுமாயின் காற்று நுழைவது திண்ணம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் தடுமாறினால் வேகப் பம்பின் தோல் காய்ந்துபோயிருக்கும். அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்துதல் கூடாது. பித்தளைத் துளை பெருகிவிட்டால் பெட்ரோல் என்றும் மிகுதியாகவே செலவாகும். காற்றால் ஊதினால் போதும்.

கடைசியாக இவ்வூர்ப் புழுதி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலையும் லாரிகளும் உள்ள இடத்தில் காற்றுவடியின் எண்ணெய் விரைவில் சேறாகிவிடும். அது அடைத்தால் சோக் இழுத்தது போலவே கறுப்புப் புகை வரும்; ஆயினும் பலர் ஜெட்டையே மாற்றுகின்றனர். எண்ணெயைக் கொட்டி, வடியை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, குறியிட்ட மட்டம் வரை புது எண்ணெய் விட வேண்டும். சுரங்கப் பக்கம் தினமும் போகும் வண்டிக்கு வாரம் ஒருமுறை இதைச் செய்வது அதிகமாகாது.