பனிமனிதனும் பழம்பல்லும்

வெண்பனி போர்த்த இமயமலைச் சாரலில், மனிதனைப்போல் இரு கால்களால் நடப்பதும், குரங்கைப்போல் உடலெங்கும் மயிர் அடர்ந்ததுமான பெருவிலங்கு ஒன்று உலவுகின்றது என்னும் செய்தியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேபாளத்து ஷெர்ப்பா மக்கள் அதனை 'யெட்டி' என்பர். நாம் 'பனிமனிதன்' என்கின்றோம். அவன் உண்மையில் இருக்கின்றானா? என்றோ அற்றுப்போன ஒரு மாபெருங் குரங்கினத்தின் எச்சமா அவன்? இவ்வினாவைக் குறித்தே இன்று பேச விரும்புகின்றேன்.

இதனைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்ற புதிதில், எட்டாம் வகுப்பில் ஒருநாள் பனிமனிதனைப் பற்றிக் கூறினேன். ஏதோ ஓர் இதழில் படித்ததை நம்பி, "அவன் பழைய பேருருக் குரங்கின் வழித்தோன்றலே" என்று அறுதியிட்டு உரைத்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் நடுவில் வாழ்ந்தவற்றின் எலும்புகள் எங்கே, ஐயா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாணி, "உட்கார், பாடத்தைக் கவனி" என்று அதட்டிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவ்வாண்டு முழுதும் அவன் மற்றொரு கேள்வி கேட்கவில்லை. அவனுக்கு அன்று தரவேண்டிய விடையை இன்று தருகின்றேன்.

முதலில் பனிமனிதனின் சான்றுகளைக் காண்போம். 1921ஆம் ஆண்டில் எவரெஸ்டுக்கு வழி காணச் சென்ற பிரிட்டிஷ் குழுவினர், உயர்ந்த கணவாய் ஒன்றில் பெரிய அடிச்சுவடுகளைக் கண்டனர். குழுத் தலைவர் ஹோவர்டு-பரி அவற்றை ஓநாயின் சுவடுகள் என்று எண்ணினார். உடன் சென்ற மலைமக்களோ வேறு பெயர் கூறினர். அப்பெயரைக் கல்கத்தாவிலிருந்த ஹென்றி நியூமன் என்னும் இதழாளர் பிழைபட மொழிபெயர்த்து, 'அருவருக்கத்தக்க பனிமனிதன்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். பெயர் உலகைச் சுற்றிவந்தது. 1951இல் எரிக் ஷிப்டன் என்னும் மலையேறி, மென்லுங் பனியாற்றில் ஒரு பெரிய அடிச்சுவட்டைப் பனிக்கோடரியை அருகில் வைத்துப் படம் பிடித்தார். அப்படத்தைக் கண்டோர் வியப்பில் ஆழ்ந்தனர்.

இனி, பேருருக் குரங்கின் கதைக்கு வருவோம். இதன் தொடக்கம் மலையில் அன்று, மருந்துக் கடையில்! சீன நாட்டு மருந்துக் கடைகளில், மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பழைய எலும்பையும் பல்லையும் 'டிராகன் எலும்பு' என்று விற்பது வழக்கம். 1935இல் ஹாங்காங்கில் இத்தகைய கடையொன்றில், வான் கோனிக்ஸ்வால்டு என்னும் அறிஞர் கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டார். குரங்கின் பல்தான், ஆனால் அதுவரை எவரும் கண்டிராத பருமனுடையது. அவ்விலங்கிற்கு 'ஜைகாண்டோபிதீக்கஸ்' என்று பெயரிட்டார். 'பேருருக் குரங்கு' என்பது அதன் பொருள். பின்னர்த் தென்சீனக் குகைகளில் நான்கு கீழ்த்தாடைகளும் ஏறத்தாழ 2,000 பற்களும் கிடைத்தன. வேறு எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. முள்ளம்பன்றிகள் எலும்புகளைக் கொறித்துத் தின்றுவிட, கடினமான பற்களே எஞ்சின என்று அறிஞர் கருதுவர். பல்லின் அளவைக் கொண்டு, அவ்விலங்கு ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 200 முதல் 300 கிலோ எடையும் உடையதாக இருந்திருக்கலாம் என மதிப்பிடுகின்றனர்.

இவ்விரண்டு கதைகளையும் இணைத்து முடிச்சுப் போடுவது எளிது. இங்கே எலும்பில்லாத ஓர் அடிச்சுவடு. அங்கே அடியில்லாத ஒரு தாடை! பெர்னார்ட் யூவெல்மான்ஸ் என்னும் விலங்கியலறிஞர் 1950களில் இவ்விணைப்பை எடுத்துரைத்தார். அன்று அது நகைக்கத்தக்க கருத்தன்று. நேர்மையான ஊகமே. ஆனால் ஊகம் என்பது வினாவின் தொடக்கம், விடை ஆகாது. அதனைச் சோதித்தல் வேண்டும்.

முதற் சோதனை காலம். 22 குகைகளின் படிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, பேருருக் குரங்கு 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்திற்குள் அற்றுப்போயிற்று என்று கூறுகின்றது. ஒரு விலங்கினம் தனியொருவனாக இரண்டு லட்சம் ஆண்டு வாழ்ந்திருக்க முடியுமா? தாயும் தந்தையும் குட்டியுமாகத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டங்கள் வாழ்ந்திருத்தல் வேண்டும். அவற்றின் பல் ஒன்றேனும் கிடைத்திருக்க வேண்டுமன்றோ? கிடைக்கவில்லை. என் மாணவன் கேட்டதும் இதுவே.

இரண்டாவது சோதனை இடம். பேருருக் குரங்கு அடர்ந்த காட்டில் பழமும் தழையும் தின்று வாழ்ந்தது. பருவநிலை மாறிக் காடு அருகியபோது, உணவை மாற்றிக்கொள்ள இயலாமல் அது நலிந்தது என்பதே அவ்வாய்வின் முடிவு. காடு குறைந்ததையே தாங்காத விலங்கு, மரமே இல்லாத பனிவெளியில் எதனைத் தின்று பிழைக்கும்? மேலும், அதன் பல்லில் எஞ்சியிருந்த புரதங்களை ஆராய்ந்து, அது ஒராங்குட்டானின் உறவு என்று 2019இல் கண்டறிந்தனர். மனிதனைப்போல் நிமிர்ந்து நடந்தது என்பதற்குச் சான்றே இல்லை.

மூன்றாவது சோதனை பனிமனிதனுடையவை என்று போற்றப்பட்ட பொருள்கள். 1960இல் எட்மண்ட் ஹில்லாரி, கும்ஜுங் என்னும் ஊரில் பாதுகாக்கப்பட்டுவந்த 'யெட்டியின் உச்சித் தோலை' இரவல் பெற்றார். ஊர்ப்பெரியவர் ஒருவரும் துணையாக வர, அது அமெரிக்காவிற்கும் ஐரோப்பாவிற்கும் சென்றது. செரோ என்னும் மலையாட்டின் தோலை அச்சில் வைத்து உருவாக்கியது அது என்று அறிஞர் கண்டனர். 2017இல் எலும்பு, மயிர், தோல் முதலிய 9 பொருள்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, 8 பொருள்கள் கரடியினுடையவை, ஒன்று நாயினுடையது. கரடி நடக்கும்போது முன்கால் பட்ட இடத்தின்மீது பின்கால் படுவதுண்டு; இரண்டும் சேர்ந்து நீண்ட ஒற்றைச் சுவடாகத் தோன்றும். வெயிலில் பனி உருக, சுவடு மேலும் விரியும்.

அப்படியாயின் மலைமக்கள் பொய் கூறினரா? அல்லர். மலையின் தனிமையும் அச்சமும் அவர்கள் கதையில் வாழ்கின்றன. மக்கள் கதையை அறிவியல் புறக்கணிப்பதும் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டின் பெருங்குரங்கைப் பற்றி மேனாட்டார் நெடுங்காலம் கதையாகவே கேட்டனர். மண்டையோடும் எலும்புகளும் கைக்கு வந்தபின், 1847இல் கொரில்லா அறிவியலில் இடம்பெற்றது. கதை வாயிலைக் காட்டலாம். உள்ளே செல்ல எலும்பு வேண்டும்.

இன்னும் ஒன்று கூறி முடிக்கின்றேன். பனிமனிதனைத் தேடிச் சென்ற ஹில்லாரி, 1961இல் அதே கும்ஜுங்கில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார். தேடியது கிடைக்கவில்லை, சிறுவர் அமர்ந்து கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தது. அத்தகைய இடத்தில் ஒரு கேள்வியை அடக்கியவன் நான். உங்களில் ஆசிரியராகப் போகின்றவர்கள் இதனை நினைவில் கொள்ளுங்கள். மாணவனாக இருப்போர், என் போன்றவர் அதட்டினாலும் மறுபடி எழுந்து நின்று, "எலும்பு எங்கே, ஐயா?" என்று கேளுங்கள்.