யார் அழைக்கிறார் என்பதே கேள்வி: ஜெர்மனியின் குடும்ப விசா

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோதே இன்ஸ்டிடியூட்டை மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் பலருக்கும் தெரியும். அங்கே நடக்கும் ஏ1 ஜெர்மன் தேர்வின் பேச்சுப் பகுதியில் அதிகபட்சம் நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்ல வேண்டும். பிறகு பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள், ஒரு தொலைபேசி எண்ணையும் கேட்பார்கள். ஜெர்மனில் 54 என்பதை நான்கை முதலில் சொல்லி, பிறகு ஐம்பதைச் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை முறை ஒப்பித்திருந்தாலும் பதற்றத்தில் அங்கேதான் நாக்கு புரளும். எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பி, முப்பது சொற்களில் ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். நூற்றுக்கு 60 வாங்கினால் தேர்ச்சி.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் தேர்வறையில் இருப்பவர்களில் பலர் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவர்கள். கணவனோடு ஒரே வீட்டில் வாழ முடியுமா என்பதை அந்த 60 மதிப்பெண் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் வாழும் துணையோடு சேரப் போகிறவர் இங்கிருந்து கிளம்பும் முன்பே அடிப்படை ஜெர்மன் தெரிந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற விதி 2007 ஆகஸ்டில் வந்தது. ஆனாலும் அதே தெருவில் இன்னொரு பெண் ஒரு ஜெர்மன் சொல்கூடத் தெரியாமல் விமானம் ஏறிவிடுவாள். அவளுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. அவளை அழைக்கும் கணவர் வேறு வகைக்காரர், அவ்வளவுதான். ஜெர்மனியின் குடும்ப விசாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: சட்டம் வருகிறவரைப் பார்ப்பதற்கு முன் அழைக்கிறவரைப் பார்க்கிறது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மியூனிக்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறார், கையில் ப்ளூ கார்டு என்று வைத்துக்கொள்வோம். பட்டதாரிகளுக்கான அனுமதி அது. 2025இல் அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. கணினித் துறைக்கும் ஆள் பற்றாக்குறை உள்ள சில தொழில்களுக்கும் அதைவிடக் குறைவு. அவருடைய மனைவிக்கு ஏ1 தேவையில்லை. இப்போது ப்ளூ கார்டு இல்லாத, முறையான தொழில் தகுதி பெற்ற மற்ற பணியாளர்களின் துணைகளுக்கும் இந்த விலக்கு உண்டு. குடும்பம் தங்கப் போதுமான அளவு வீடு இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனைகூட இவர்களுக்கு 2024 மார்ச்சிலிருந்து இல்லை. வருமானம் மட்டும் பார்க்கப்படும்.

அடுத்து, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. எண்பதுகளில் ஈழத்திலிருந்து ஓடிவந்த பலர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குக் கடந்து ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்து, ஜெர்மன் குடிமக்களாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு மகனுக்கு யாழ்ப்பாணத்தில் பெண் பார்த்து முடிக்கிறார்கள். மாப்பிள்ளை ஜெர்மன் குடிமகன்; பெண்ணுக்கு ஏ1 கட்டாயம். வகுப்புக்கும் தேர்வுக்கும் அவள் கொழும்பு வரை அலைய வேண்டியிருக்கும். இங்கே வருமானக் கணக்கு தலைகீழ். குடிமகனின் துணைக்கு வருமானம் பொதுவாக ஒரு தடையாக இருக்காது. திருமணத்தையும் குடும்பத்தையும் ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு காக்கிறது. தன் சொந்த நாட்டில் மனைவியோடு வாழாதே என்று ஒரு குடிமகனிடம் சொல்ல முடியாது. ஆனால் மொழித் தேர்வு மட்டும் போகவில்லை.

புதுச்சேரிக்காரர் கதை இன்னும் வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. அப்படி ஒருவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்த்தால், அவர் மனைவிக்கு ஜெர்மன் சட்டத்தைவிட ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு சுதந்திர நடமாட்ட விதிகளே பொருந்தும். மொழித் தேர்வு இல்லை. நுழைவு விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. போய்ச் சேர்ந்தபின் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் அட்டை கிடைக்கும். வேறு நாட்டில் குடியேறிய ஐரோப்பியக் குடிமகனுக்கு ஒன்றியச் சட்டம் தரும் இந்த உரிமை, சொந்த நாட்டை விட்டு நகராத ஜெர்மானியருக்கு இல்லை. ஜெர்மனியில் வாழும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்குத் தேர்வு இல்லை, ஜெர்மன்காரரின் மனைவிக்குத் தேர்வு உண்டு என்ற விசித்திரம் இப்படித்தான் வந்தது.

கட்டாயத் திருமணங்களைத் தடுக்க, வருகிறவர்கள் சமூகத்தில் சீக்கிரம் கலக்க என்று 2007இல் அரசு காரணம் சொன்னது. மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் வலியைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்பது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, மொழி அவசியம்தான். ஆனால் அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடிமக்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. கட்டாயத் திருமணமும் மொழிச் சிக்கலும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்தா வருகின்றன? துருக்கியர் வழக்கு ஒன்றில் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம், துருக்கியோடு செய்துகொண்ட பழைய ஒப்பந்தத்துக்கு இந்த விதி முரண்படுகிறது என்று சொன்னது. போய்ச் சேர்ந்த பிறகு ஜெர்மன் கற்றுக்கொள்ளட்டும் என்று விதியை மாற்றுவதாக 2021இல் அமைந்த கூட்டணி அரசின் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். மாற்றாமலேயே அந்த அரசு கவிழ்ந்தது. ஜெர்மனியில் இறங்கினால் 600 மணி நேர மொழிப் பாடமும், நாட்டின் சட்டமும் வரலாறும் சொல்லித்தரும் 100 மணி நேர வகுப்பும் கொண்ட ஒருங்கிணைப்புப் படிப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, பயிற்சி மையம் இல்லாத ஊரில் இருக்கும் பெண்ணை இங்கே தடுத்து நிறுத்துவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு. ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2012 செப்டம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜெர்மன் குடிமகனின் துணை ஓராண்டு உண்மையாக முயன்றும் தேறவில்லை என்றாலோ, அப்படி முயல்வதே அவர் சூழ்நிலையில் சாத்தியமில்லை என்றாலோ, தேர்வைக் காரணம் காட்டி விசாவை மறுக்கக் கூடாது. உடல்நலக் குறைவால் படிக்க முடியாதவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே வகுப்பில் சேர்ந்த ரசீது, வருகைப் பதிவு, தோற்ற தேர்வின் மதிப்பெண் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

தேர்வுக்கு அடுத்தபடியாக நம்மவர்களைச் சிக்கவைப்பது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும், திருமணப் பதிவில் பழையபடி இனிஷியல் வந்துவிடும். மூன்று தாளிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். குடும்பப் பெயரையே முதலில் தேடும் ஜெர்மன் அதிகாரிக்குத் தெரியாது. கோயிலில் தரும் ரசீதும் மண்டபத்து ஆல்பமும் திருமணப் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும்போதே இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். பிறகு திருத்தக் கிளம்பினால் மாதங்கள் ஓடிவிடும்.

வயது வந்தவருக்கு விசாக் கட்டணம் 75 யூரோ, குழந்தைக்கு அதில் பாதி. சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; குடும்பம் சேர்வதற்கான நீண்டகால விசாவை இங்கிருந்தேதான் வாங்க வேண்டும். இறங்கி வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றோடு முகவரியைப் பதிய வேண்டும். விசா முடியும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து வந்த துணைக்கு முதல் நாளிலிருந்தே எந்த வேலையும் செய்ய உரிமை உண்டு. 2013இல் சட்டம் அப்படி மாறியது. கணவர் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்து, மனைவிக்கு வருமானம் இல்லையென்றால், தனிக் கட்டணம் இல்லாமல் அதே காப்பீட்டில் அவளும் சேர்ந்துவிடுவாள்.

பெற்றோரை அழைத்துக்கொள்ள முடியுமா என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பொது விதிப்படி மிகக் கடுமையான நெருக்கடி இருந்தால் மட்டுமே முடியும். 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தகுதிபெற்ற பணியாளராக முதல் அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு புது வாசல் திறந்திருக்கிறது. பெற்றோரையும், துணை ஜெர்மனியில் நிரந்தரமாக வாழ்ந்தால் மாமனார் மாமியாரையும் அழைக்கலாம். அவர்களுக்கான செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் காட்ட வேண்டும். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி முதல்முறையாக வருகிறவரைப் பொதுக் காப்பீடு பொதுவாகச் சேர்க்காது, தனியார் காப்பீடு விலை அதிகம். அங்கேதான் பல குடும்பங்களின் கணக்கு நின்றுபோகிறது.

கடைசியாகச் சொல்லும் விஷயத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள் கவனமாகப் படியுங்கள். குடும்ப விசாவில் போகும் பெண்ணின் அனுமதி, கணவரோடு சேர்ந்து வாழும்வரைதான் செல்லும். பிரிந்த பிறகும் தனக்கென்று தங்கும் உரிமை வேண்டுமென்றால், அவர்கள் ஜெர்மனியில் குறைந்தது மூன்று ஆண்டுகள் தம்பதியாக வாழ்ந்திருக்க வேண்டும். முன்பு இரண்டு ஆண்டாக இருந்ததை 2011இல் மூன்றாக்கினார்கள். இது தெரிந்த சில கணவர்கள், "ஒரு கடிதம் போட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டுவதுண்டு. மொழி தெரியாத, தோழிகள் இல்லாத இடத்தில் அந்த மிரட்டலை நம்பி அடி வாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

அந்த மிரட்டல் பாதிப் பொய். வீட்டில் வன்முறை நடந்தால் மூன்று ஆண்டு நிபந்தனையைத் தளர்த்த அதே சட்டத்தில் இடமிருக்கிறது. மருத்துவரின் குறிப்பு, காவல்துறைப் புகார், பெண்கள் காப்பகத்தின் கடிதம் ஆகியவை அதற்குச் சான்றாகும். கணவர் கடிதம் போட்டதாலேயே யாரையும் மறுநாள் விமானத்தில் ஏற்றிவிட முடியாது. அனுமதியைக் குறைக்கும் முன் அலுவலகம் அவளிடமும் விளக்கம் கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் எப்போதும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள். ஜெர்மனி முழுவதும் பெண்களுக்கான உதவி எண் 116 016. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. விமானம் ஏறும் முன் அந்த எண்ணை அவள் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.