பழைய எண் பூட்டுப் பெட்டகத்தைத் திறப்பது எப்படி?

மண்டிகளிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் தாத்தா காலத்து இரும்புப் பெட்டிகள் இன்றும் இருக்கின்றன. சாவியுடன் எண் பூட்டும் உள்ள பெட்டிகளும் அவற்றில் உண்டு. பெரியவர் இருக்கும்வரை கவலையில்லை. அவர் காலமான பிறகுதான் எண் வேறு யாருக்கும் தெரியாது என்ற விஷயமே வெளிவருகிறது. உள்ளே கடைப் பத்திரம் இருக்கும், புரோநோட்டுகள் இருக்கும். கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. பெட்டி திறக்காவிட்டாலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த அவசரத்தில் சுத்தியலை எடுப்பது பெரும் தவறு. சில பெட்டிகளில் டயலை அடித்து உடைத்தால் உள்ளே இரண்டாவது தாழ் ஒன்று தானாக விழுந்துவிடும். பிறகு சரியான எண் தெரிந்தாலும் பெட்டி திறக்காது. கேஸ் வைத்து அறுத்தால் உள்ளிருக்கும் காகிதம் கருகும்.

முதலில் பூட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். டயலின் பின்னால் பெரும்பாலும் மூன்று சக்கரங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. மூன்று வெட்டுகளும் நேராக வந்தால்தான் மேலிருக்கும் சிறு தண்டு அதில் இறங்கி, தாழ் விலகும். டயல் ஒரு சக்கரத்தைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ளும். கடைசிச் சக்கரம் வரை அசைய வேண்டும் என்பதால்தான் பல சுற்றுகள் சுற்றுகிறோம்.

பரவலாக உள்ள முறை இது. இடப்புறமாக (கடிகார முள்ளுக்கு எதிராக)ச் சுற்றி, முதல் எண் நான்காம் முறை குறிக்கு நேரே வரும்போது நிறுத்தவும். வலப்புறம் சுற்றி, இரண்டாம் எண் மூன்றாம் முறை வரும்போது நிறுத்தவும். மீண்டும் இடப்புறம், மூன்றாம் எண் இரண்டாம் முறை வரும்போது நிறுத்தவும். பிறகு டயல் தடைபடும்வரை மெதுவாக வலப்புறம் திருப்பி, கைப்பிடியைத் திருப்பவும். எண்ணைச் சற்றே தாண்டிவிட்டாலும் பின்னுக்குத் திருப்பக் கூடாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் திசைகளை மாற்றிப் பார்க்கவும். கைப்பிடியைத் திருப்பும்போது கதவை உள்நோக்கி அழுத்திப் பிடிப்பது நல்லது. கணக்குப் புத்தகங்களைத் திணித்து வைத்த பெட்டியில் கதவு முட்டிக்கொண்டு தாழ் இறுகியிருக்கும். டயலில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தூசி சேர்ந்து சக்கரங்கள் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணே தெரியாவிட்டால்? 100 கோடுள்ள டயலில் மூன்று எண்களுக்கு 10 லட்சம் சேர்க்கைகள் உண்டு. ஆனால் மனிதர் வைக்கும் எண் அத்தனை ரகசியமானதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன், சக அதிகாரிகளின் பெட்டிகளைத் திறந்து காட்டியவர். தொழிற்சாலையில் வைத்த எண்ணையே மாற்றாமல் விட்டிருந்த பெட்டிகள் ஐந்துக்கு ஒன்று என்று அவர் எழுதியிருக்கிறார். அங்கிருந்த பூட்டுகள் இரண்டு எண் முன்பின் இருந்தாலும் திறந்தன என்பதையும் கண்டறிந்தார்.

எனவே பெரியவரின் பிறந்த தேதி, கடை தொடங்கிய தேதி, பழைய வண்டி எண், தொலைபேசி எண் ஆகியவற்றை முயன்று பாருங்கள். சிட்டையின் கடைசிப் பக்கம், பூஜை அறைப் படத்தின் பின்புறம், பழைய டைரி எல்லாவற்றையும் தேடுங்கள். மூன்று எண்கள் கிடைத்து வரிசை தெரியாவிட்டால் ஆறே முயற்சிகள்தான். ஓர் எண் மட்டும் தெரியாவிட்டால் 100 முயற்சிகள். ஒரு மதியப் பொழுது போதும்.

இதற்கும் மசியாவிட்டால் பெட்டகத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். அவர் கைப்பதத்தாலேயே எண்ணைக் கண்டுபிடிக்கலாம்; அல்லது சரியான இடத்தில் சிறு துளையிட்டுத் திறந்து, பிறகு அதை அடைத்துத் தருவார். பெட்டி மீண்டும் பயன்படும். திறக்கும்போது வாரிசுகள், பங்குதாரர்கள் அனைவரும் உடனிருக்கட்டும். உள்ளிருப்பதைப் பட்டியலிட்டு எல்லோரும் கையெழுத்திட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

திறந்த பிறகு, கதவைத் திறந்து வைத்தபடியே எண்ணை மூன்று முறை போட்டுச் சரிபார்த்த பின்னரே மூடவும். எண்ணை எழுதி முத்திரையிட்ட உறைகள் இரண்டில் வைத்து, ஒன்றை வங்கி லாக்கரிலும் மற்றொன்றை நம்பிக்கையான குடும்பத்தார் ஒருவரிடமும் கொடுத்து வைப்பது ஒவ்வொரு வணிகரின் கடமை. சம்பாதித்ததைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது; நமக்குப் பின் வருபவர்கள் அதைத் திறக்கவும் வழி செய்ய வேண்டும்.