பூட்டிய பள்ளிக்குக் கலை என்ன செய்யும்?

ஜப்பானில் 2023-ல் எடுத்த வீட்டுவசதிக் கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்ட கிராமப் பள்ளிகள் தனிக்கணக்கு. இந்தக் கட்டடங்களை என்ன செய்வது? நீகாத்தா மாகாணத்து மலைப்பகுதியான எச்சிகோ-ட்சுமாரியில் 2000-ம் ஆண்டு கிதாகவா ஃபுராம் தொடங்கிவைத்த, மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. சுமார் 760 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கும் ஊர்களின் வெற்று வீடுகளும் பள்ளிகளும் அங்கே கலைக்கூடங்களாகியிருக்கின்றன. இதனால் ஊர் மீண்டுவிடும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால், கட்டடத்துக்கு அன்றாடம் ஒரு வேலை கிடைத்தால் அது இடியாமல் நிற்கும். ஊரின் நினைவும் அதோடு நிற்கும்.

அன்றாட வேலை ஏன் முக்கியம் என்பதை அங்கே பெய்யும் பனியே சொல்லிவிடும். குளிர்காலத்தில் பல இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி குவியும். கூரையில் ஏறி அதைத் தள்ள ஆளில்லாத மரவீடு பாரம் தாங்காமல் சரிந்துவிடும். ஹோஷிதோகே என்ற ஊரில் அப்படிக் கைவிடப்பட்ட ஒரு பழைய வீட்டின் தூண், சுவர், தரை, கூரையின் உட்புறம் எல்லாவற்றையும் நிஹோன் பல்கலைக்கழகச் சிற்பத்துறையினர் உளியால் கொத்திச் செதுக்கினார்கள். புகை படிந்து கறுத்த மரத்துக்குள்ளிருந்து வெளிர்நிறம் வரிவரியாக வெளிப்பட்டது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை, வீடே சிற்பமானது. இப்போது அங்கே விருந்தினர் தங்குகிறார்கள்.

ஹாச்சி ஊரின் பள்ளி 2005-ல் மூடப்பட்டது. படக்கதை ஓவியர் தாஷிமா செய்ஸோ, அங்கே கடைசியாகப் படித்த 3 மாணவர்களையே பாத்திரங்களாக்கி, கடலோரம் ஒதுங்கிய கட்டைகளுக்கும் காய்களுக்கும் வண்ணம் தீட்டி, வகுப்பறைகள் முழுக்க ஒரு கதையை நிறுத்தினார். இதே மலைப்பகுதியில், 2004-ல் அதை உலுக்கிய நிலநடுக்கத்தில் சேதமடைந்த ஓர் ஓலைக்கூரை வீடு 2006-ல் மட்பாண்டக் கலையகமானது. அதன் அடுப்பும் குளியல் தொட்டியும்கூடக் கலைஞர்கள் செய்தவை. அதே வீட்டில் உள்ளூர்ப் பெண்கள் உணவகம் நடத்தினார்கள்.

கலைக்குச் செலவிடும் பணத்தை மருத்துவமனைக்கும் பேருந்துக்கும் கொடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. கலை அவற்றுக்கு மாற்றல்ல. மாற்று என்று சொல்லி அவற்றின் நிதியில் கைவைத்தால் எதிர்க்கவே வேண்டும். ஆனால் பாழடைந்த கட்டடத்தை இடிப்பதற்கும் செலவுண்டு. இடித்தபின் வருமானம் கிடையாது. ஊரின் சாவு நகரத்தாருக்கு வேடிக்கையாகிறது என்பது இன்னும் கூர்மையான குற்றச்சாட்டு. யாருடைய கதை, யார் கையில் சாவி என்பவையே அதற்கு அளவுகோல். ஊராரின் பெயரும் உழைப்பும் இல்லாமல் வந்து இறங்கும் படைப்புக்கு அந்தக் குற்றச்சாட்டு முழுக்கப் பொருந்தும்; ஹாச்சி பள்ளிக்குப் பொருந்தாது. மூன்றாவது, மக்கள்தொகை குறைவது இன்னும் நிற்கவில்லையே என்பது. உண்மைதான். 2018 விழாவுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தும் இளைஞர் வெளியேறுவது ஓயவில்லை. பிறப்பு விகிதத்தையும் வேலைச் சந்தையையும் ஒரு சிற்பம் திருப்பிவிடாது.

ஆகவே, மூடிய பள்ளியைக் கலைஞரிடம் ஒப்படைக்கும் எந்த உள்ளாட்சியும் திறப்புவிழாவுக்கு முன்பே ஒன்றை முடிவுசெய்ய வேண்டும்: விழா முடிந்தபின் கதவைத் திறப்பதும் கூரையைக் காப்பதும் யார், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இதற்கு விடையில்லாத இடத்தில் கலையைக் கொண்டுவைத்தால், சில ஆண்டுகளில் அதுவும் கட்டடத்தோடு பாழாகும்.