உங்க வீட்டு ஒயருக்குள்ள எத்தனை கம்பி இருக்கு? எண்ணிப் பார்த்திருக்கீங்களா?

கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் போற நெடுஞ்சாலையில, வெள்ளிக்கிழமை காலையில குந்தாரப்பள்ளியைக் கடந்திருக்கீங்களா? சந்தை களைகட்டியிருக்கும். ஆடு வாங்க வர்றவர் முதுகைத் தடவிப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், அதுக்கப்புறம்தான் விலை பேசுவார்.

அதே ஆள் வீட்டு ஒயரிங்குக்கு ஒரு காயில் ஒயர் வாங்கும்போது எதைத் தடவிப் பார்ப்பார்? அட்டையில '1.5 சதுர மி.மீ, 90 மீட்டர்'னு போட்டிருக்கும். நம்பி வாங்கிட்டு வந்துடுவார். நாமளும் அப்படித்தான்.

அந்த ரெண்டு நம்பரும் உண்மையா இருக்கிறது, ஃபேக்டரியில இருக்கிற மெஷின்களும் அளவு கருவிகளும் பொய் சொல்லாம இருக்கிறதைப் பொறுத்தது. அதைச் சோதிக்கிற வேலைக்குப் பேர்தான் 'கேலிப்ரேஷன்'. தமிழ்ல சொன்னா, அளவுத்திருத்தம். குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்துல குருபரப்பள்ளி சிப்காட், ஓசூர்ல டி.வி.எஸ், ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா எலெக்ட்ரிக்னு இந்தப் பட்டை முழுக்க ஃபேக்டரிகள்தான். இங்கே தயாராகிற எந்த வண்டியும் ஒயர் இல்லாம ஓடாது. அதனால இந்த வேலையைக் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கலாம், வாங்க.

கம்பியைத் திரிக்கிறது எப்படி?

சுமார் 8 மி.மீ தடிமன் உள்ள செம்பு ராடுதான் ஆரம்பம். அதை ஒண்ணைவிட ஒண்ணு சின்ன ஓட்டையா இருக்கிற 'டை'கள் வழியா இழுத்து இழுத்து, 0.3 மி.மீ வரைக்கும் மெல்லிசாக்குவாங்க. 1.5 சதுர மி.மீ வீட்டு ஒயர்ல பல கம்பெனிகள் இப்படி 22 கம்பிகளைச் சேர்த்துத் திரிக்கிறாங்க. கேட்டலாக்ல '22/0.3'னு இருக்கிறதுக்கு இதுதான் அர்த்தம். ஒரே தடிக் கம்பியா இருந்தா பைப்புக்குள்ள சுலபமா வளையாது, திரும்பத் திரும்ப மடக்கினா ஒடிஞ்சிடும்.

திரிக்கிற வேலையை பஞ்சிங் மெஷின் பார்க்கும். பாபின்கள்ல இருந்து வர்ற கம்பிகளை, வில் மாதிரி வளைஞ்ச ஒரு பாகம் வேகமா சுத்தி முறுக்கும். கேப்ஸ்டன்ங்கிற உருளை அதை இழுத்துக்கிட்டே இருக்கும். கம்பி ஒரு முழுச் சுத்து சுத்தி வர்றதுக்கு எடுத்துக்கிற நீளம்தான் 'லே'.

கணக்கு சிம்பிள். டபுள் ட்விஸ்ட் மெஷின்ல வில் ஒரு தடவை சுத்தினா ரெண்டு முறுக்கு விழும். நிமிஷத்துக்கு 1,000 சுத்துன்னா 2,000 முறுக்கு. அதே நிமிஷத்துல கேப்ஸ்டன் 40 மீட்டர் இழுத்தா, 40,000 மி.மீட்டரை 2,000 ஆல வகுக்கணும். லே 20 மி.மீ.

ஸ்கிரீன்ல 20-னு காட்டும். ஆனா, கேப்ஸ்டன் வேகத்தைச் சொல்ற சென்சார் 10 சதவிகிதம் குறைச்சுக் காட்டினா, உண்மையான லே சுமார் 22 ஆகியிருக்கும். ஸ்கிரீனுக்கு அது தெரியாது!

லே ரொம்ப நீளமானா, உறையை உரிச்சதும் கம்பிகள் பிரிஞ்சு விரியும். ரொம்பக் குட்டையானா, ஒவ்வொரு கம்பியும் அதிக தூரம் சுத்தி வரணும். செம்பும் அதிகம், மின்தடையும் அதிகம். உதாரணமா, 0.53 மி.மீ கம்பி 7 சேர்த்துத் திரிக்கிற ஒயர்ல லே 20 மி.மீன்னா, வெளிச்சுத்துக் கம்பி ஒயரைவிட 1.4 சதவிகிதம் நீளமா இருக்கும். லே 10 மி.மீ ஆனா அது 5.4 சதவிகிதம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய டெக்னிக் இருக்கு. திரிச்ச ஒயர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சா கோடு கோடா விழும். 7 கம்பி ஒயர்ல வெளியே 6 கம்பி. அதனால ஒரு கோட்டுல இருந்து ஆறாவது கோடு வரைக்கும் ஸ்கேலை வெச்சா, அதுதான் நிஜமான லே.

0.01 மி.மீ பண்ற வேலை

'1.5 சதுர மி.மீ'ங்கிறதை யாரும் ஸ்கேல் வெச்சு அளக்கிறது இல்லை. ஐ.எஸ் 8130 தரநிலைப்படி அதை மின்தடையை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. திரிச்ச 1.5 சதுர மி.மீ செம்புக் கடத்திக்கு 20 டிகிரி வெப்பநிலையில ஒரு கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 12.1 ஓம். நல்லா வளையுற ஃப்ளெக்ஸிபிள் ரகத்துக்கு 13.3 ஓம்.

இப்போ 0.3 மி.மீ கம்பியை அளக்கிற மைக்ரோமீட்டர் வெறும் 0.01 மி.மீ கூட்டிக் காட்டுதுன்னு வெச்சுக்குவோம். 0.29 கம்பியை அது 0.30-னு சொல்லும். விட்டத்தோட வர்க்கத்துலதான் பரப்பளவு இருக்கு, அதனால செம்பு 6.6 சதவிகிதம் குறைஞ்சிடும். 11.3 ஓம் காட்ட வேண்டிய ஒயர் 12.1-கிட்ட வந்து நிக்கும்.

இதுல வெயிலும் விளையாடும். செம்போட மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவிகிதம் ஏறும். சித்திரை மாசம் 38 டிகிரியில அளந்தா, நல்ல ஒயரும் 7 சதவிகிதம் கூடுதலா காட்டும். அதைக் கழிச்சு 20 டிகிரி கணக்குக்குக் கொண்டுவரணும். அங்கே இருக்கிற தெர்மாமீட்டர் 5 டிகிரி கூட்டிக் காட்டினா? தேவைக்கு மேல கழிச்சு, ஃபெயில் ஆக வேண்டிய ஒயரும் பாஸ் ஆகிடும்.

காணாமப்போன அரை மீட்டர்

நீளத்தை அளக்க ஒரு சக்கரம். சுத்தளவு 500 மி.மீ. 180 சுத்துக்கு 90 மீட்டர். வருஷக்கணக்கா ஒயர் உரசி அதோட விட்டம் 1 மி.மீ தேய்ஞ்சா, சுத்தளவு சுமார் 3.14 மி.மீ குறையும். கவுன்டர் 90-னுதான் காட்டும். ஆனா ஒவ்வொரு காயில்லயும் 56.5 செ.மீ இருக்காது. 1,000 காயில் போனா 565 மீட்டர்! இதுல யாரும் திருடலை. யாரும் செக் பண்ணலை, அவ்வளவுதான்.

அப்போ கேலிப்ரேஷன்னா என்ன?

ஸ்க்ரூவைத் திருகி நம்பரை வரவைக்கிறது கேலிப்ரேஷன் இல்லை, அது அட்ஜஸ்ட்மென்ட். கேலிப்ரேஷன்னா, உங்க கருவியை அதைவிட நம்பகமான இன்னொண்ணோட ஒப்பிட்டு, 'இது இவ்வளவு தப்பா காட்டுது'ன்னு எழுதி வைக்கிறது. மைக்ரோமீட்டருக்கு ஸ்லிப் கேஜ், ஓம் மீட்டருக்கு ஸ்டாண்டர்டு ரெசிஸ்டர், மெஷின் வேகத்துக்கு டாக்கோமீட்டர்.

அந்த ஸ்லிப் கேஜை யார் சோதிப்பா? என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற லேப். அந்த லேப்போட அளவு, டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம் வரைக்கும் சங்கிலியா போகும். 1983-ல இருந்து ஒரு மீட்டர்ங்கிறதே ஒளியோட வேகத்தை வெச்சுத்தான் வரையறுக்கப்படுது. உங்க சுவிட்ச் போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒயருக்கும் ஒளி வேகத்துக்கும் சொந்தம் இருக்கு பாஸ்!

மெஷின்ல இன்னொரு முக்கியமான செக், கம்பி அறுந்தா நிறுத்துற சென்சார். ஒரு கம்பியை வேணும்னே வெட்டிவிட்டு மெஷின் நிக்குதான்னு பார்க்கணும். நிக்கலைன்னா, நைட் ஷிஃப்ட்ல 22-க்குப் பதிலா 21 கம்பியோட பல மீட்டர் ஓடிடும். வெளியே பி.வி.சி உறை போட்டாச்சுன்னா யார் கண்ணுக்கும் தெரியாது.

டார்கெட் துரத்துற நேரத்துல இதுக்காக மெஷினை நிறுத்துறது சுலபம் இல்லை. ஐ.டி.ஐ, டிப்ளமோ முடிச்சு இந்த வேலைக்குப் போற தம்பி, தங்கச்சிகளே... 'அளவு சரியில்லை, நிறுத்துங்க'ன்னு சொல்றதும் உங்க வேலைதான். மின்தடை 10 சதவிகிதம் ஏறினா, அதே கரன்ட்டுக்குச் சூடும் 10 சதவிகிதம் ஏறும். அந்தச் சூடு உங்க ஷிஃப்ட்ல தெரியாது. வருஷங்கள் கழிச்சு, ஏ.சி ஓடுற ஏதோ ஒரு பெட்ரூம் சுவருக்குள்ள தெரியும்.

வாங்குறப்போ நீங்க என்ன செய்யலாம்?

* வீட்டு ஒயருக்கான தரநிலை ஐ.எஸ் 694. ஐ.எஸ்.ஐ முத்திரையோட இருக்கிற லைசென்ஸ் நம்பரை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்ல போட்டுப் பாருங்க.
* நுனியை உரிச்சு கம்பிகளை எண்ணுங்க. கம்பெனி கேட்டலாக்ல சொன்ன எண்ணிக்கையோட ஒப்பிடுங்க.
* 1.5 சதுர மி.மீ, 90 மீட்டர்னா உள்ளே செம்பு மட்டுமே சுமார் 1.2 கிலோ இருக்கணும். உறையோட சேர்த்தும் காயில் அந்த எடைக்குக் கீழே இருந்தா, வாங்காதீங்க.

ஆட்டுக்குப் பல்லைப் பார்க்கத் தெரிஞ்ச நமக்கு, ஒயருக்குக் கம்பி எண்ணத் தெரியாதா என்ன?