வாசலிலேயே சொல்லுங்கள்

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமங்களான எங்கள் ஊர்களிலிருந்து ஜனங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மழைக்காலத்துக் காலை வேளையில் அங்குள்ள ஓ.பி. சீட்டு வரிசையில், ஜுரத்தால் கண் சிவந்து இருமிக்கொண்டிருக்கும் ஒருவர், கைக்குழந்தையுடன் நிற்கும் தாய்க்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் நடுவே மணிக்கணக்கில் நிற்பதை நான் பல வருஷங்களாகக் கண்டு வருகிறேன். துணைக்கு வந்த நாலு பேரும் அவரை ஒட்டியே நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் முகக்கவசம் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றுவதில்லை, கொடுக்க வேண்டும் என்று கவுண்டரில் இருப்பவருக்கும் தோன்றுவதில்லை.

2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் உலகப் பெருந்தொற்று என்று பிரகடனம் செய்த எச்1 என்1 இன்புளூயன்சா, அடுத்த வருஷம் ஆகஸ்டில் அந்த அறிவிப்பு நீக்கப்பட்டதோடு மறைந்துவிடவில்லை. பருவந்தோறும் திரும்பி வருகிறது. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருப்பவரைப் பற்றுகின்றன. அத்துளிகள் பட்ட கையை மூக்கிலும் கண்ணிலும் வைப்பதாலும் தொற்று பரவுகிறது. நோயாளியோ, ஜுரம் காண்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்கு அதைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். ஆகையால் தொண்டைச் சளியின் பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு ஒதுக்கி வைக்கலாம் என்று காத்திருப்பது பெரும் பிழை. சந்தேகம் எழுந்த நிமிஷத்திலேயே, அதாவது வாசலிலேயே, பாதுகாப்பு ஆரம்பமாக வேண்டும்.

எனவே சீட்டு எடுக்கும்போதே, "பனியும் சுமயும் உண்டு, மாஸ்க் வேண்டும்" என்று சொல்லுங்கள். நாம் ஜுரம் என்பதை மலையாளத்தில் பனி என்கிறார்கள் என்பதும், இருமலுக்குச் சும என்று பெயர் என்பதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் உறவினருக்குத் தெரியாமற்போகலாம். பனி கிளினிக் தனியாக இருந்தால் நேரே அங்கே செல்லுங்கள். இல்லாவிட்டால் வரிசையிலிருந்து விலகி, ஜன்னலோரத்தில் அமரும்படி தனி இடம் கேளுங்கள். இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்; இது சலுகை அன்று.

டாக்டர் நோயாளியை ஏ, பி, சி என்ற மூன்று பிரிவுகளில் எதில் சேர்க்கிறார் என்பதைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். லேசான ஜுரமும் இருமலும் ஏ. அவர் வீட்டிலேயே தனித்திருந்தால் போதும், பரிசோதனை தேவையில்லை. கடும் ஜுரமும் தொண்டை வலியும் உள்ளவரும், லேசான ஜுரமே ஆயினும் கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர், சர்க்கரை வியாதி அல்லது நுரையீரல் நோய் உள்ளவர் ஆகியோரும் பி. இவர்களுக்கு ஒசெல்டாமிவிர் மாத்திரை தேவையா என்பதை டாக்டர் தீர்மானிப்பார். அது 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பலன் தரும். மூச்சுமுட்டல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலமாதல், மயக்கம் ஆகியவை சி. அவரை உடனே அட்மிட் செய்ய வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி நாலு நாள் கடத்திய பின் சி பிரிவாக வந்து சேர்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

அட்மிட் ஆனவருக்குத் தனி அறை, அது இல்லையெனில் அதே நோயுள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய வார்டு, கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டராவது இடைவெளி, வாசலில் கை கழுவச் சோப்பும் தண்ணீரும் ஆகியவை அத்தியாவசியம். துணையிருப்பவர் ஒருவர் மட்டும் போதும். அவர் கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இருத்தல் ஆகாது. பழமும் ஹார்லிக்ஸும் கொண்டு நலம் விசாரிக்கக் கூட்டமாக வரும் நம் வழக்கத்தை இந்த ஒரு வியாதிக்கேனும் கைவிட வேண்டும். சோப்பிட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். நனைத்துத் துடைத்துக்கொள்வது கழுவுதல் ஆகாது.

1956 நவம்பர் 1 அன்று வகுத்த எல்லைக்கோடு நோய்க்குத் தெரியாது. ஆனால் காகிதத்துக்குத் தெரியும். பாறசாலை ஆஸ்பத்திரியில் திருப்தி இல்லை என்று இரவோடு இரவாக எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வேறு ஆஸ்பத்திரிக்குச் செல்வோர், வெறுங்கையுடன் செல்கிறார்கள். அங்கே சந்தேகம் புதிதாக ஆரம்பமாகிறது, அதுவரை நோயாளி பொது வார்டில் கிடக்கிறார். ரெபர் கடிதம், மருந்து தொடங்கிய நேரம், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பிய விவரம் ஆகிய மூன்றும் இல்லாமல் வண்டியில் ஏறாதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. புறப்படுமுன் சேரப்போகும் ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

முகக்கவசமோ தனி இடமோ மறுக்கப்பட்டால், கூச்சலிடாமல், தேதியும் நேரமும் குறித்து ஆஸ்பத்திரி சூப்பிரண்டிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். பயன் இல்லையேல் ஜில்லா மெடிக்கல் ஆபீஸருக்கும், பிறகு திருவனந்தபுரத்திலுள்ள சுகாதாரச் சேவை இயக்குநருக்கும் எழுதுங்கள். மலையாளம் எழுத வராது என்று பின்வாங்க வேண்டாம். 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம்; பதிலும் தமிழிலேயே வர வேண்டும். இந்த உரிமையை உபயோகிப்பவர் சிலரே என்பதால்தான் உத்தியோகஸ்தர்கள் அதை மறந்து அலட்சியமாக இருக்கிறார்கள்.

எந்த நேரத்திலும் ஆலோசனை கேட்க, கேரளத்தில் திசா உதவி எண் 1056. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 104. இவ்விரண்டையும் இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.