பைல் வந்தது, தமிழ் வரவில்லை
கையில் ஒரு கணினி – 9

கண்டியில் கொழும்பு வீதிப் பக்கம் ஏதாவதொரு கொமினிகேஷன் கடையில் கால் மணி நேரம் நின்றால் போதும். டீச்சர் ஒருவர் போனை நீட்டுவார், பையன் கேபிளைச் செருகுவான். போனில் சார்ஜ் ஏறும். கணினியில் போல்டரைத் திறந்தால் ஒன்றுமிருக்காது.

"டீச்சர், லொக்கை எடுத்துத் தாங்க."

லொக் எடுத்ததும் திரையை மேலிருந்து இழுத்து, சார்ஜிங் என்றிருக்கும் வரியைத் தொட்டு, பைல் டிரான்ஸ்பர் என்று மாற்றுவான். படங்கள் வந்துவிடும்.

பழைய அண்ட்ரொயிட் போன்கள் வேறு விதம். பென் டிரைவ் மாதிரியே திறந்தன. ஆனால் செருகியிருக்கும் வரை மெமரியைக் கணினி பிடித்து வைத்துக்கொள்ளும், போனுக்குத் தன் படங்களே தெரியாது. பாதியில் கேபிளைப் பிடுங்கினால் மெமரி கார்ட்டே பழுதாகலாம். 2011இல் வந்த அண்ட்ரொயிட் 3.0 எம்டிபி என்ற முறைக்கு மாறியது. மைக்ரோசொப்ட் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக உருவாக்கிய முறை அது. முன்பு கணினியிடம் கடைச் சாவியையே கொடுத்துவிட்டோம். இப்போது முதலாளி கல்லாவில் இருக்கிறார், கேட்டதை அவரே எடுத்துக் கொடுப்பார். லொக் போட்ட போன் பூட்டிய கடை. போனிலுள்ள வீடியோவைக் கணினியில் நேரே எடிட் பண்ணாமல், முதலில் கொப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

லொக் எடுத்தும் பைல் டிரான்ஸ்பர் என்ற வரியே வரவில்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். நடைபாதையில் மலிவாக வாங்கும் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும். டேட்டாவுக்கு வேறு கம்பிகள் வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, வட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். படத்தைப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டொக்குமென்ட் என்று தெரிவு செய்து அனுப்பினால் அப்படியே போகும். 2022இலிருந்து 2 ஜிபி வரை ஏற்கிறது. மேசையிலிருக்கும் கணினிக்குப் போக உங்கள் கல்யாண வீடியோ இணையத்தைச் சுற்றி வரவேண்டுமா, அதற்கு டேட்டா காசு யார் கொடுப்பது என்பது வேறு கதை.

உண்மையான சிக்கல் எதிர்த் திசையில், கணினியிலிருந்து போனுக்கு வரும்போது. அதுவும் தமிழில். நம் ஊரில் கோவில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் நெடுங்காலமாகப் பாமினி என்ற எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினி ஒரு வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ் உருவம் வரைந்திருக்கிறது. 'அம்மா' என்று நீங்கள் படிப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத போனில் அந்த ஐந்தும்தான் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடி, குறிப்புகள் போனுக்கு வரத் தொடங்கியபோது, கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று இறக்கிய வேர்ட் பைல் இப்படித் திறந்தால் என்ன செய்யும்? போன் பழுது என்றே நினைக்கும்.

எனவே கொமினிகேஷனில் வேர்ட் பைலோடு ஒரு பிடிஎப்பும் கேட்டு வாங்குங்கள். வேர்டிலேயே 'சேவ் அஸ்' போய் பிடிஎப் என்று சேமித்தால் பொதுவாக எழுத்துருவும் உள்ளே போய்விடும்; எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். அதில் ஒரு பெயரைத் தேடினால் மட்டும் கிடைக்காது, உள்ளே இன்னும் எம், கே தான்.

தேடவும் திருத்தவும் வேண்டுமானால், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பாமினி எழுத்தை ஒட்டினால் நொடியில் யுனிகோட் வரும். மாற்றியபின் ஆங்கிலச் சொற்களையும் சதுர அடைப்புக்குறிகளையும் ஒருமுறை பாருங்கள், அவையும் சேர்ந்து தமிழாகியிருக்கும்.

அடுத்த வாரம்: கேபிளும் இல்லாமல், டேட்டாவும் இல்லாமல் வைபை வழியே.